லேப்டாப்புக்கு அம்மாவைத் தெரியவில்லை

ஜூன் 3, திங்கள்

நாட்டு மக்களுக்கு ஒரு துயரச் செய்தி. இன்று மாலை எங்கள் வீட்டு லேப்டாப், என் அம்மாவைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று சாதித்துவிட்டது. விரலை எத்தனை தடவை வைத்தாலும் "அடையாளம் தெரியவில்லை". கடைசியில் கடவுச்சொல் கேட்டிருக்கிறது.

அந்தக் கடவுச்சொல்லை வைத்த மகான் நானே. "என் மகன் மேதை", ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். அம்மா அதை ஒரு நாளாவது தன் கையால் அடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை நிறைவேறிய இடம்தான் சரியில்லை. அம்மா நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். வகுப்பு முடித்த கையோடு மேலாளர் அறையில் உட்கார்ந்து, பின்னால் அவர் நின்று படித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாளாம். பதற்றத்தில் தப்புத் தப்பாக அடிக்க, லேப்டாப் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. வீடியோ கூட்டம் போயே போச்சு.

தண்ணீருக்குப் பயப்படும் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு தனி வகுப்பு வேண்டும் என்று குளத்து நிர்வாகக் குழுவிடம் கேட்கத்தான் அந்தக் கூட்டம். அம்மா நெடுநாளாக மனதில் வைத்திருந்த வகுப்பு. இரக்கப்பட்டு 14ஆம் தேதி இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். அதையும் விட்டால் அவ்வளவுதான்.

"வேற கடவுச்சொல் வெச்சுத் தரேம்மா."

"வேணாம்டா சாமி. அதையும் நீதானே வெப்பே. விரலை வெச்சா திறக்கணும். அதை மட்டும் ஒழுங்கா செஞ்சு குடு."

14 வரை பாத்திரம் கழுவ வேண்டும் என்று அப்பா தீர்ப்பு. இந்த வாரம் பாத்திரம் அவர் முறை. தீர்ப்பு ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று இப்போது புரிகிறது.

ஜூன் 4

லேப்டாப் மருத்துவர் வந்துவிட்டார், அதாவது நான். கைரேகை படிக்கும் கட்டத்தை அப்பாவின் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். வீட்டில் அம்மா விரல் வைத்தாள், திறந்தது. குளத்துக்கு எடுத்துப் போனாள், மாட்டேன் என்றது.

பள்ளியில் கேட்டார்கள், நீச்சல் டீச்சர் மகன் போட்டிக்கு வரவில்லையா என்று. நான் இறங்கினால் மற்றவர்கள் மனம் உடைந்துவிடும், அதனால் ஒதுங்கி இருக்கிறேன் என்றேன். மீன் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இருக்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

பழைய ரேகையை அழித்துவிட்டு, அம்மா சாவகாசமாக இருக்கும் காலை நேரத்தில் புதிதாகப் பதிந்தேன். நேராக, சாய்வாக, ஓரமாக. பிறகு அம்மா எப்படி வைத்தாலும் திறந்தது. கடவுச்சொல் சும்மா வைக்கவில்லை நான்.

ஜூன் 10

குளத்திலிருந்து அம்மா போன். "மேதை இருக்காரா?"

திறக்கவில்லை.

ஜூன் 12

பாத்திரம் கழுவி முடித்து நேராக வந்து லேப்டாப்பில் விரலை வைத்தேன். அடையாளம் தெரியவில்லையாம். என்னையா? மறுபடி வைத்தேன். இல்லை. விரலைத் திருப்பிப் பார்த்தேன் — முனையெல்லாம் சுருங்கி, காய்ந்த திராட்சை மாதிரி.

அட மடையா!

அம்மா மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறாள். நான் பதிந்தது ஞாயிற்றுக்கிழமை விரலை. லேப்டாப்புக்குத் தெரிந்ததெல்லாம் விடுமுறை அம்மாதான். வேலைக்குப் போகும் அம்மாவை அதற்கு யாருமே அறிமுகம் செய்து வைக்கவில்லை.

ஜூன் 13

லேப்டாப்போடு குளத்துக்குப் போனேன். சுவரை ஒட்டி நின்றேன்.

"ஏன்டா அங்கேயே நிக்கறே? கிட்ட வா."

"லேப்டாப்புக்குத் தண்ணி ஆகாதும்மா."

"லேப்டாப்புக்கா?"

அம்மாவே ஏறி வந்தாள். ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டு, சுருங்கிய விரலை இரண்டாவது ரேகையாகப் பதிந்தேன். பொறுமையாக, எல்லாப் பக்கமும்.

"உன்னோட ஊறின விரலையும் ஒண்ணு போட்டு வெச்சுக்கோயேன்."

"எனக்கெதுக்கு? நாளையோட பாத்திரம் முடியுது."

அம்மா ஒரு மாதிரி பார்த்தாள். ஏன்?

ஜூன் 14

தொட்டதும் திறந்தது! வகுப்புக்கு அனுமதி கிடைத்தது, செவ்வாயும் சனியும். ஆறு பேராவது சேர்ந்தால்தான் நடத்த விடுவார்களாம். அதெல்லாம் சேருவார்கள். இந்த ஊர்ப் பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் சேர்ந்து எனக்குக் குளக்கரையில் ஒரு சிலை வைக்கலாம். கடவுச்சொல்லையும் அம்மா தானே மாற்றிவிட்டாளாம். என்னவென்று சொல்லமாட்டாளாம். எனக்கென்ன, விரல் இருக்கிறது.

ஜூன் 20

ஐந்து பேர்.

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். என் நாற்காலியில் ஒரு துண்டை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 22, சனி

ஆறாவது ஆள் சேர்ந்தாயிற்று. மீன்தான்.

இடுப்பளவு தண்ணீர். வகுப்பு முடியும்வரை சுவரைப் பிடித்தபடியே நின்றேன். கடைசியில் அம்மா சொல்லி ஒரு கையை விட்டேன். ஒரு கைதான்.

கரையேறியதும் மானத்தைக் காப்பாற்ற, மேலாளர் அறையில் இருந்த லேப்டாப்பைத் திறக்கப் போனேன். அடையாளம் தெரியவில்லை. அதில் அம்மாவுக்கு இரண்டு விரல்கள், காய்ந்தது ஒன்று, ஊறியது ஒன்று. எனக்குக் காய்ந்தது மட்டும்தான். நான் என்றைக்காவது தண்ணீரில் இறங்குவேன் என்று அதைப் பதிந்தவனுக்கே தோன்றவில்லையே.

அம்மாவிடம் புதிய கடவுச்சொல்லைக் கேட்டேன். காதில் சொன்னாள். பின்னால் மேலாளர் நின்று படிக்க, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்: "நான் மேதை ஆனால் நீச்சல் தெரியாது".

திறந்தது. அம்மா துண்டை நீட்டினாள். விரலைத் துடைத்து, ஊறிய ரேகையைப் பதிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை தேவைப்படும்.