அர்த்தம் தெரிந்தவள்

1998 ஆகஸ்ட் 21, வெள்ளி

இவர் காலமாகி ஒரு வருஷம் கழித்து, இன்று லலிதா சகஸ்ரநாம வகுப்புக்குப் போனேன். மல்லேஸ்வரம், வித்யாலட்சுமி வீட்டு ஹால். பதினான்கு வருஷம் நான் நாமாக்களுக்கு அர்த்தம் சொன்ன வகுப்பு. நான் வராத நாட்களில் என் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் நடத்தியிருக்கிறாள். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டாள். அதுவும் தெரியவில்லை.

இன்று 'நிரீச்வரா'. ஈச்வரனை விட்டு ஒரு நிமிஷம்கூடப் பிரியாதவள் என்றாள். குரல் தழுதழுக்க வேறு. பதினோரு தலைகளும் ஆடின. தனக்கு மேலே ஓர் அதிகாரி இல்லாதவள் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "அப்படியும் சொல்லலாம் மாமி" என்கிறாள். அப்படி மட்டும்தான் சொல்லலாம்.

பிறகு கேள்வி நேரம். மருமகனுக்கு அமெரிக்கா விசா கிடைக்க எந்த நாமாவை நூற்றெட்டுத் தடவை சொல்ல வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். அம்பாளுக்கு ஆயிரம் பேர் வைத்தவர்கள் கான்சலேட்டை மறந்துவிட்டார்கள்.

ஆனாலும் போய்வந்ததில் ஒரு தெம்பு. வீட்டில் சுவரைத் தவிர யார் இருக்கிறார்கள், நான் சொல்வதைக் கேட்க?

ஆகஸ்ட் 22

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. அதற்கும் வித்யாலட்சுமிதான் காரணம்.

செப்டம்பர் 4, வெள்ளி

காலையில் வித்யாலட்சுமி வந்தாள், மாருதி காரில், ஒரு பை ஆப்பிளோடு. அவள் பழத்தோடு வந்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

வந்தது. இருபத்தொன்றாம் தேதி நவராத்திரி ஆரம்பம். ஒன்பது நாளும் ஹாலில் குங்கும அர்ச்சனை. "மாமி, நீங்க உள் ரூம்ல உட்கார்ந்துண்டு கேளுங்கோ. உங்களுக்குன்னு தனியா ஃபேன் போட்டுடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ." அப்புறம் வெள்ளிக்கிழமை வகுப்பையும் அவளே தொடர்ந்து பார்த்துக்கொள்கிறாளாம். எனக்கு எதற்குச் சிரமமாம்.

ஏன் என்று கேட்டேன். அவள் வாயாலேயே வரட்டும் என்றுதான். "சுமங்கலிகள் பண்ற அர்ச்சனையில சந்தோஷப்படறவள்னு அம்பாளுக்கே ஒரு நாமா இருக்கே மாமி. நீங்கதானே சொல்லிக் குடுத்தேள்."

ஆயிரத்தில் ஒன்று இவளுக்குப் பாடம் ஆகியிருக்கிறது. அதுவும் இது!

எனக்கு ஃபேன் போடறாளாம் ஃபேன். சமஸ்கிருதத்தில ஒரு சொல்லைப் பிரிக்கத் தெரியாது, என்னை உள்ளே உட்காரச் சொல்றா. நான் போயிட்டா அந்த ஹால்ல யாருக்கு என்ன தெரியும்? எனக்கு வேறென்ன மிச்சம் இருக்கு?

ஆப்பிளில் பாதி மாவு.

செப்டம்பர் 11, வெள்ளி

போனேன். எல்லோர் எதிரிலும் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். எந்த சாஸ்திரத்தில், எந்த உரையில் இருக்கிறது, எடுத்துக் காட்டு என்றேன். அம்பாளின் பெயர்களை வாய் வலிக்கச் சொல்கிறீர்கள், ஒன்றாவது காதில் விழுந்ததா என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பதினோரு பேரும் ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வித்யாலட்சுமி கோபப்படவில்லை. அவளுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. மெதுவாகச் சொன்னாள்: "இது நான் வெச்ச வழக்கமா மாமி? பாகீரதிக்கு நீங்க வெச்சதுதானே. அதைத்தான் மாத்தாம வெச்சிண்டிருக்கோம்."

செப்டம்பர் 12

அது வேறு.

செப்டம்பர் 14

அது எப்படி வேறு?

பாகீரதி 1988 வரை வகுப்புக்கு வந்தவள். அவள் புருஷன் போனபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. வருஷம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்து, ஹாலில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். நான் பெரியவள், நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சமையல்ரூம் வாசல்லேர்ந்து கேளேன், அங்கேயும் நன்னாக் கேட்கும்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். நாலு வாரம் அங்கே உட்கார்ந்தாள். பிறகு வரவில்லை. ஆஸ்டின் டவுனுக்குக் குடிபோனதாகச் சொன்னார்கள். தூரம் என்பதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஃபேன்கூடப் போடவில்லை.

செப்டம்பர் 17

ஆஸ்டின் டவுன். விலாசம் விசாரித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். பாகீரதி எல்லாம் மறந்திருப்பாள், "ஐயோ அதையெல்லாம் நினைச்சிண்டு இருப்பேனா மாமி" என்பாள், வித்யாலட்சுமி முகத்தில் அதைக் கொண்டுபோய் வீசலாம். இதுதான் என் யோசனை. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

பாகீரதி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. காபி கொடுத்தாள். எனக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். வித்யாலட்சுமியைத் திட்டினேன், அந்தப் பதினோரு பேரையும் திட்டினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு சாதாரணமாக, "ஆப்ரஹ்ம கீட ஜனனீ, அதுக்கு என்ன அர்த்தம் மாமி?" என்றாள்.

பிரம்மாவிலிருந்து புழு வரைக்கும் எல்லோருக்கும் தாய் என்றேன். பழக்கம். கேட்டால் வாய் சொல்லிவிடும்.

"ஆமாம். நான் சமையல்ரூம் வாசல்ல உட்கார்ந்திருந்த முதல் வெள்ளிக்கிழமை நீங்க அதைத்தான் சொன்னேள். புழுவைக்கூட அவள் தள்ளி வைக்க மாட்டாள்னு அரை மணி நேரம் சொன்னேள். எல்லாரும் அழுதா. நானும் அழுதேன்."

அர்த்தம் தெரியாமல் செய்கிறவள் வித்யாலட்சுமி. எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். தெரிந்தேதான் பாகீரதியை அங்கே உட்கார வைத்தேன்.

"தப்பு பண்ணிட்டேன் பாகீரதி" என்றேன். "ஆமாம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே நாலு பேர் சேர்ந்து சகஸ்ரநாமம் சொல்வதாகச் சொன்னாள். வா என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 21

நவராத்திரி. வித்யாலட்சுமி ஆள் மூலம் சுண்டல் அனுப்பினாள். உப்பு இல்லை. இதை எழுதாமல் விட முடியவில்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

ஆஸ்டின் டவுன் போனேன். சின்னக் கூடம். பாகீரதி, அவள் ஆபீஸ்காரி ஒருத்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். யாருக்குக் கணவன் இருக்கிறான், யாருக்கு இல்லை என்று தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு அருகிலேயே, வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆரம்பித்தார்கள். உச்சரிப்பு படுமோசம். முதல் பத்து நாமாவுக்குள் நாலு தப்பு எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை.

பாகீரதி நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் அங்கே உட்கார்ந்திருக்கேள்? உள்ளே வாங்கோ மாமி" என்றாள். தன் பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

போய் உட்கார்ந்தேன். மீதியை அவர்களோடு சேர்ந்து சொன்னேன். யாரும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.