பூட்டனுக்குக் கொடுத்த உத்தியோகம்

வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 3

அன்பு மகள் தாரிகா அறிவது,

நான் அப்போதே சொன்னேன். நீ கனடாவுக்கு விமானம் ஏறிய அன்றே, "இவள் ஒரு றெயில்வேக் குடும்பத்துக்குத்தான் மருமகளாகப் போவாள்" என்று கட்டுநாயக்காவில் வைத்துச் சொன்னவன் இந்தச் சிவபாதசுந்தரம். ஒருவருக்கும் ஞாபகமில்லையாம். பொறாமை.

சங்கதி என்னவென்றால், உன்னைக் கெவினுக்குக் கட்டிக்கொடுக்கக் கொப்பர், அதுதான் என் அண்ணன், ஓம் சொல்லிவிட்டார்! லேசில் இல்லை. "சீனப் பெடியனோ? அவன்ர பரம்பரை என்ன உத்தியோகம் பார்த்தது?" என்று கேட்டார். மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்த எங்கள் பாட்டனாரின் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு வேறென்ன கேட்பார்? நான் விட்டேனா? "அண்ணை, கனடாவைக் குறுக்கறுத்துக் கடலுக்குக் கடல் றெயில் கோச்சிப் பாதை போட்டதே அந்தச் சனம்தான். அவையின்ர பூட்டன் அதில ஓவசியர். அவருக்குக் கீழ ஆயிரம் பேர்" என்று ஒரு போடு போட்டேன். கொப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓவசியரோ? அப்ப பிழையில்லை" என்றார்.

அந்தப் பாதையின் சரித்திரம் முழுவதையும் யூடியூப்பில் கரைத்துக் குடித்துவிட்டேன். 1885இல் தண்டவாளத்துக்குக் கடைசி ஆணி அடித்தபோது எடுத்த படத்தையும் பார்த்தேன். சீ! மலையைக் குடைந்த சீனரில் ஒரு முகம் இல்லை. தொப்பியும் தாடியுமாகத் துரைமார் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அருவருப்பில் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு தோசையோடு எழும்பிவிட்டேன்.

வருகிற ஞாயிறு சம்பந்திமார் வீடியோவில் கதைக்கட்டும்.

உன் சித்தப்பா
சிவபாதசுந்தரம்


பேர்னபி, கனடா
2025 பெப்ரவரி 24

சித்தப்பா,

உங்கள் கடிதம் அந்த ஞாயிறு முடிந்த பிறகுதான் வந்தது. அன்று என்ன நடந்தது என்று அப்பா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே விளங்கவில்லை.

கெவினின் தகப்பன் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா திரையில் சிரித்தபடி, ஆங்கிலத்தில், "உங்கட பூட்டன் ஓவசியராமே, ஆயிரம் கூலியளை மேய்ச்சவராமே" என்று கேட்டார். அவர் தேநீர்ப் பானையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். திரும்பி வரவில்லை.

அந்தப் பூட்டன் கூலி, சித்தப்பா. பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறைக்கு வெடி வைத்தவர். ஒருநாள் ஒரு வெடி வெடிக்கவில்லை. போய்ப் பார் என்று ஓவசியர் விரட்டினான். இவர் கிட்டப் போனபோது வெடித்தது. இறந்தவர்களின் பட்டியலில் பெயர்கூட இல்லை. கூட வேலை செய்தவர்கள்தான் எலும்பைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்து, சீனாவில் ஊரில் இருந்த அவர் மகனுக்கு அனுப்பினார்கள்.

நீங்கள் அவரையே அவரைக் கொன்றவனாக ஆக்கிவிட்டீர்கள்.

மறுநாள் கெவினின் தகப்பன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கூலியின் வீடு என்றால் உன்னைத் தரமாட்டார்களோ?"

அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

தாரிகா


வெள்ளவத்தை
2025 மார்ச் 17

அன்பு மகள்,

சொல்லிவிட்டேன். ஆகையால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் 'சீ' என்றுதான் வாயில் வருகிறது. ஓவசியர் என்ற சொல்லை அண்ணனும் தம்பியும் எவ்வளவு இனிப்பாக வாயில் போட்டுச் சப்பினோம்! பாதை முடிந்த அதே வருஷம், இனிமேல் வருகிற சீனருக்கு ஆளுக்கு ஐம்பது டொலர் வரி போட்டார்களாம். தூ! அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு இனி வாய் ஏது?

கொப்பரிடம் போய், "அண்ணை, அவர் ஓவசியர் இல்லை, கூலி. உத்தியோகம் நான் குடுத்தது" என்றேன். கொப்பர் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார். "அந்த மனிசன் உயிரைக் குடுத்துப் போட்ட பாதையடா. என்ர பிள்ளையை நான் வாழ்த்தினனான் எண்டு எழுது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கெவினின் தகப்பனிடம் போய், பொய் சொன்னவன் சித்தப்பன் என்று சொல். அவர் கேட்ட கேள்விக்கு, தருகிறோம் என்று என் பெயரில் பதில் சொல். கலியாண எழுத்துக்கு நாள் வையுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு நான் வருவேன். விசா தராவிட்டால் தூதரகத்தையே கலக்கிப்போடுவேன்.

உறையை ஒட்டப் போய்த் திரும்பவும் பேனா எடுத்தேன். கூலி என்று நான் சொன்னது சத்தியம். கொப்பர் எழும்பியதும் சத்தியம். ஆனால் தோளைப் பிடிக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். "கூலிக்காரன்ர வீட்டுக்கோ? சீ, வெளியில போ" என்றார்.

அதற்காக எழுத்து நாளைத் தள்ளிப் போடாதே. அந்த வாழ்த்து நான் கட்டினது, மகள்; அதனால் அது என்னுடைய வாழ்த்து.

சித்தப்பா