மோட்டார் ரூம் கதவில் ஒட்டிய தாள்

ஜூலை 20, திங்கள்

காற்று. ஆடி பிறந்ததிலிருந்து மொட்டை மாடியில் துணி நிற்பதில்லை. என் பாவாடை ஒன்று பின் தெருவுக்குப் பறந்துவிட்டது. கேட்டு வாங்க வெட்கம்.

அச்சகத்தில் அடுத்த வருடத் தினசரி காலண்டர் வேலை ஆரம்பம். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் ஜோசியர் எழுதித் தருவார். தாளின் அடியில் வரும் ‘தெரியுமா?’ மட்டும் என் பாடு. இன்று அடித்தவை:

– ஆக்டோபசுக்கு மூன்று இதயம்.
– சினிமாவில் குதிரை ஓடும் சத்தம் பல நேரம் கொட்டாங்குச்சியைத் தட்டி எடுத்தது.
– நம் கட்டுமரம் இங்கிலீஷுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.
– தலை போன கரப்பான் பூச்சி பல நாள் உயிரோடு இருக்கும்.

கடைசியை அடித்ததிலிருந்து பாத்ரூம் பக்கம் போகவே யோசனை. இந்த வேலையில் இதுதான் தொல்லை. தெரியத் தெரியப் பயம்தான் கூடுகிறது. இருக்கிற ஒரு இதயத்தையே சமாளிக்க முடியவில்லை, மூன்று வைத்துக்கொண்டு அது என்ன செய்யுமோ.

சாயங்காலம் தம்பி முருகன் போன். வடமதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் அவனுக்கு. பூ விலை, மழை இல்லாதது, அப்புறம் பேச்சோடு பேச்சாக மோட்டார் ரூமில் ஒரு சாரைப்பாம்பு குடிவந்திருப்பதாகச் சொன்னான். பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுகிறவன். ஏன் விட்டாய் என்றேன்.

“காலண்டர்ல நீ எழுதுனதுதான்க்கா. செல்வி அந்தத் தாளைக் கிழிச்சு மோட்டார் ரூம் கதவுலயே ஒட்டிட்டா. இப்ப அதை யாரும் தொந்தரவு பண்றதில்ல.”

செல்வி அவன் மனைவி. பெருமையாகச் சொல்கிறான். அது சாரைதானா என்று யார் பார்த்தது?

ஜூலை 21, செவ்வாய்

தூங்கவில்லை. காபி இரண்டு தடவை. அச்சகத்தில் இந்த வருடக் காலண்டரை எடுத்து அந்தத் தாளைத் தேடிப் பார்த்தேன். ‘சாரைப்பாம்புக்கு விஷம் இல்லை. எலியைத் தின்று விவசாயிக்கு உதவும். அடிக்காதீர்கள்.’ அவ்வளவுதான்.

நான் இன்னொரு வரி எழுதியிருந்தேன். சட்டென்று பார்த்தால் நல்ல பாம்பும் இப்படியே தெரியும், கிட்டே போகாதீர்கள் என்று. காலண்டர் போடச் சொன்ன அரிசிக்கடைக்காரர் விளம்பரத்தில் இன்னொரு போன் நம்பர் சேர்க்கச் சொன்னார். இடம் இல்லை. முதலாளி அந்த வரியைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். ராகு காலம் பார்க்காமல் வாசலைத் தாண்டாதவர்கள், அதே தாளின் அடியில் இருப்பதை மட்டும் சந்தேகப்படுவார்களா.

செல்வியிடம் போட்டோ கேட்டேன். வந்தது. ஒரே இருட்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் வால் மட்டும். பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதுதான் மிச்சம். போன் போட்டேன்.

“இம்புட்டு நாளா பாக்குறேன் மதினி, ஒரு தடவைகூடப் படம் எடுக்கல. அப்பச் சாரைதான?”

நல்ல பாம்பு நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டா இருக்கும், மிரண்டால்தானே எடுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. விடிவதற்கு முன் கரண்ட் வரும், மோட்டார் போட அவள்தான் போவாள். அந்நேரம் முருகன் பூவை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருப்பான். செருப்பு போட மாட்டாள். அந்தக் கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜூலை 22, புதன்

கேஸ் புக் பண்ண வேண்டும். மறந்தேன்.

இன்று ஒரே ஒரு துணுக்கு: பாம்பு மகுடியின் இசைக்கு ஆடுவதில்லை, மகுடியின் அசைவைப் பார்த்தே ஆடுகிறது. அடித்தேன், அழித்தேன். இனிப் பாம்பே வேண்டாம். வாழைப்பழத்தைப் பற்றி எழுதினால் போதும்.

முதலாளியிடம் சொன்னேன். “கடிச்சாத் தெரிஞ்சிரும்லம்மா, சாரையா இல்லையான்னு” என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. நான் ஒரு பக்கம் முழுக்கத் தப்பாக அடித்தேன்.

முருகனிடம் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. ஊரெல்லாம் என் அக்கா எழுதியது என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.

“நீ எழுதுனதை நீயே நம்ப மாட்டியா?”

நாளைக்கு லீவு சொல்லியாயிற்று.

ஜூலை 23, வியாழன்

வடமதுரை பஸ், ஜன்னல் சீட்டு, முகமெல்லாம் புழுதி. செல்வி சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்தாள். மோட்டார் ரூமைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன்.

மோட்டார் ரூம் கதவில் என் தாள். சோற்றுப் பசை போட்டு, நாலு மூலையும் படிய ஒட்டியிருக்கிறாள். அரிசிக்கடைப் போன் நம்பர் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன.

உள்ளே போக விடவில்லை நான். கதவைத் திறந்து வைத்து, எட்ட நின்று கதவுத் தகரத்தைக் கம்பால் தட்டச் சொன்னேன். என் திருப்திக்காக முருகன் தட்டினான். ஒன்றும் இல்லை. பலமாக ஓங்கித் தட்டினான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே அது எழுந்தது. எழுந்து, விரித்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. முருகன் கம்பைப் போட்டுவிட்டான். செல்வி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“காலையிலகூட அதுக்கு மேலதான் கையை நீட்டிச் சுவிச்சப் போட்டேன் மதினி.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சில்லென்று இருந்தது.

தீயணைப்பு ஆட்கள் இரண்டு பேர் வந்து நீளக் கம்பியால் பிடித்துச் சாக்கில் கட்டினார்கள். நல்ல பாம்புதான். பெரியது. அப்பாடா என்று எனக்கு அழுகை வந்தது. முருகன் என் முகத்தைப் பார்க்காமல் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதிதான் வந்தது.

அவர்களில் வயதானவர் மீதிப் பாதியைப் படித்தார்.

“குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வீட்லயும் இதேதான் ஒட்டிருக்கு. பாம்பு இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி நேத்துப் போனோம். அதுக்குள்ள அது சுவர்ப் பொந்துக்குள்ள போயிருச்சு. சாரைதான், எலி திங்கட்டும், விட்ருங்கன்னு அந்த வீட்டம்மா எங்களை அனுப்பிச்சிருச்சு.”

அந்த அரிசிக்கடைக்கு எத்தனை ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நினைக்கவே முடியவில்லை.

ஜூலை 24, வெள்ளி

காற்று நிற்கவில்லை.

விடிந்ததும் அச்சகத்தைத் திறக்கச் சொல்லி, விட்டுப்போன வரியை மட்டும் பெரிய எழுத்தில் அடித்து எடுத்தேன். ஒரு கட்டு. முதலாளி இந்தத் தடவை சிரிக்கவில்லை. தாள்களை அரிசிக்கடையிலேயே கொடுத்து, மூட்டைக்கு ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். மீதி என் பையில். பசை டப்பாவும்.

தீயணைப்புக்காரர் அந்த அம்மாவின் நம்பர் வாங்கித் தந்தார். காலையிலிருந்து அடிக்கிறேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. தோட்டத்தில் இருப்பார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சார்ஜில் கிடக்கும்.

குஜிலியம்பாறை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் டிரைவர் ஏறவில்லை. இப்போது மறுபடியும் அடித்தேன். எடுத்தார்கள். ஒரு ஆம்பிளைக் குரல், பின்னால் நிறையப் பேர் அழுகிற சத்தம்.