அண்ணன் இருப்பதற்கான ஆதாரம்

முதலியார்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

சுமலதா எழுதிக்கொள்வது. இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டாகப் போகிறது. கவிநிலாவுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஒரு கை தூளியை ஆட்டுகிறது, இன்னொரு கை எழுதுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பழைய நம்பரில் நீ எடுப்பதில்லை. உன் சிநேகிதன் தேவதாஸிடம் கெஞ்சித்தான் இந்த பிரான்ஸ் முகவரியை வாங்கினேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் தண்ணீர் குடிப்பதுபோல நடித்துவிட்டு மறைத்து வைக்கிறாள். அப்பா காரியத்துக்கு நீ வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதவில்லை.

விஷயம் வேறு. அப்பா பேரில் இருந்தது இரண்டே சொத்து. ஒன்று அந்த டிவிஎஸ் 50. இன்னொன்று வங்கியில் ஒரு டெபாசிட். அவர் போனுக்கு வரும் வட்டிச் செய்தியால்தான் அது இருப்பதே எங்களுக்குத் தெரியும். ரசீதைக் காணோம், அரிசி டின் வரைக்கும் தேடியாயிற்று. வங்கியில் கேட்டேன். ரசீது இல்லாமல் கணக்கு விவரம் எதுவும் சொல்ல முடியாது, சின்னத் தொகையாகத்தான் இருக்கும், கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம், வாரிசுச் சான்றிதழ் வாங்கி வாங்க என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவின் இறப்புச் சான்றிதழை இருபது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

மனுவில் அம்மா, நீ, நான் என்று மூன்று பேரை எழுதினேன். விசாரிக்கக் கிராம அதிகாரி தெருவுக்கு வந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. எதிர்வீட்டு ஆயம்மாவிடம் அப்பா பேரைச் சொல்லி, பாவாடைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே பொண்ணு என்றாள் ஆயம்மா. இஸ்திரி வண்டி புருஷோத்தமன் மாமாவும் ஒரே பொண்ணு என்றார். அதற்கடுத்த வீட்டிலும் ஒரே பொண்ணுதான்.

அவர்கள் மேல் தப்பில்லை, அண்ணா. நீயும் அண்ணியும் விமானம் ஏறிய மறுநாள் அப்பா நடுத்தெருவில் நின்று பேசியது உன் காதுக்கும் வந்திருக்கும், முழுசாக வந்ததோ என்னவோ. "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான். எனக்குப் புள்ள இருக்கான்னு எவன் சொல்றானோ, அவன் வூட்டு விசேஷத்துக்கு நான் மொய் வைக்க மாட்டேன்." அப்பா வைக்கும் மொய் எவ்வளவு தாராளமாக இருக்கும் என்று உனக்கே தெரியும். ஆறு வருஷமாகத் தெருவில் ஒருத்தரும் உன் பேரை எடுக்கவில்லை. புருஷோத்தமன் மாமா பெண்ணுக்குத் தையில் கல்யாணம். செத்தவர் எப்படி மாமா மொய் வைப்பார் என்று கேட்டேன். பேச்சுன்னா பேச்சுதான் பாப்பா என்றார்.

ரேஷன் கார்டிலிருந்தும் அப்பா உன்னை நீக்கியிருக்கிறார். உன் பள்ளிக்கூடச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நீயே பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டாய். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்து மாசம் சொமந்தவ சொல்றேன், போதாதா?" என்றாள். அதிகாரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "போதும்மா. அதுக்கு ஒரு ஜெராக்ஸ் இருந்தா குடுங்க."

வீட்டில் இவர், இரண்டு பேர் பேரிலேயே வாங்கிவிட்டால் இந்த வாரமே வேலை முடியும், உன் அண்ணனா கேட்கப்போகிறார் என்றார். இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. ஆனால் உன்னிடம் மறைப்பானேன், நானும் ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அப்பா உன்னை வாயால்தான் இல்லை என்றார். நான் முத்திரை குத்திச் சொல்வதா?

அடுத்த தடவை அதிகாரி வந்தபோது ஆயம்மாவிடம் போய், உன் மீன்சட்டி எப்படி உடைந்தது என்று மட்டும் கேட்டேன். "மறப்பனா? வஞ்சிரக் கொழம்பு கொதிக்குது, அந்தக் கலைவாணன் அடிச்ச பந்து நேரா சட்டியில வுழுந்துது. இன்னும் சட்டி வாங்கித் தரல அவன்." சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள். அதற்குள் தெரு திறந்துகொண்டது. நீ ஓட்டிக்கொண்டுபோய் நோணாங்குப்பத்தில் மறந்துவிட்டு வந்த சைக்கிள், புருஷோத்தமன் மாமாவின் கரியில் போட்ட ஊசிப் பட்டாசு, எல்லாம் வந்தது. ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்தார்கள், பாவம். அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். இல்லாத ஆளுக்கு இவ்வளவு கெட்ட பேர் வராதும்மா, நான் நம்புறேன், ஆனா ஒரு காகிதம் வேணுமே என்றார்.

காகிதம் டிவிஎஸ் 50-இல் இருந்தது. அந்த வண்டி அப்பாவைத் தவிர யார் உதைத்தாலும் கிளம்பாது, ஆனால் அம்மா தினமும் துடைக்கிறாள். போன புதன்கிழமை துடைக்கும்போது பக்கப் பெட்டி துருப்பிடித்து மாட்டிக்கொண்டதென்று உலக்கையால் ஒரு தட்டு தட்டியிருக்கிறாள். ஸ்பேனருக்கு அடியில், பால் கவரில் சுற்றி, ரசீதும் நாமினி படிவத்தின் நகலும். நாமினி பெயர்: கலைவாணன். உறவுமுறை: மகன். அப்பா கையெழுத்தேதான். தேதியைப் பார்த்தேன். தெருவில் நின்று பேசியதற்கு இரண்டு மாதம் கழித்து.

அந்தத் தெருவிலேயே அப்பா பேச்சை மீறினவர் அப்பா ஒருத்தர்தான், அண்ணா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஊருக்குத்தான் மொய் பயம். அவருக்கு என்ன பயம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வண்டியைத் துடைக்கப் போனாள். துடைத்த வண்டியையே.

அதிகாரி நகலை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. மூன்று பெயர், இரண்டாவது உன்னுடையது. இதற்கு மட்டும் முப்பது ஜெராக்ஸ் எடுத்தேன்.

இனி வங்கிதான். நாமினி நேரில் வர வேண்டும், முடியாவிட்டால் அங்கேயே தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினாலும் சரி என்கிறார்கள். அதில் இருக்கும் தொகை உன் விமான டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. அதனால் வா என்று நான் சொல்லவில்லை. அனுப்ப வேண்டிய படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அப்பாவின் தலைத் திவசம் கழிந்ததும் கவிநிலாவுக்குக் காது குத்த வேண்டும். யார் மடியில் உட்கார வைப்பது என்று இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. இப்போது தாய்மாமன் இருப்பதற்கு அரசு முத்திரையே இருக்கிறது. ஆயம்மா சட்டிக்காகக் காத்திருக்கிறாள். வண்டியை நீ ஒரு தடவை உதைத்துப் பார்க்கலாம் என்று அம்மா நினைக்கிறாள், சொல்லமாட்டாள்.

தூளி அசைகிறது, விழித்துக்கொள்வாள் போலிருக்கிறது. அண்ணிக்கு என் அன்பைச் சொல். படிவம் வருகிறதா, நீ வருகிறாயா, எதுவானாலும் சரி, ஒரு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு, அண்ணா.

உன் தங்கை,
சுமலதா