நம் தெருக் கொசுவைப் பற்றி ஒரு சேதி

என்னங்க,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஓசூரில் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறேன். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று எனக்கு இன்னும் கை பழகவில்லை.

நேற்று ஒரு சேதி வந்தது. அதை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

நீங்கள் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில், நம் வார்டு முழுக்கத் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு கொசு மருந்துப் புகை அடித்தீர்கள். அந்த மழைக்காலத்தில்தான் எதிர்வீட்டு ரத்னம்மாவின் மகள் டெங்குவில் போனாள். துக்கம் கேட்கப் போன உங்களைப் பார்த்து, எல்லார் முன்னாலும் அவர் கத்தினார்.

"மருந்துல தண்ணி கலந்து அடிச்சிட்டு, இப்ப எதுக்குய்யா வந்த? பொக போன கையோட கொசு திரும்ப வந்துச்சே!"

புகை அடிக்கும் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் விசாரிக்கவே இல்லை. மறுவாரமே உங்களை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்டேனே, அதை எழுதாமல் எனக்குத் தீராது. நீங்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தீர்கள். "நெசமாவே தண்ணி கலந்தீங்களா?" என்றேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அப்புறம் கம்பெனி கேட்டில் காவல் வேலைக்குப் போனீர்கள். ஒரு காலையில் ஷூ மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அதுவரைக்கும் எனக்குப் பதில் சொல்லவே இல்லை. கோபமா? இல்லை, இவளுக்குமா சொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களா?

இப்போது நானும் கொசு ஒழிப்பு வேலையில்தான் இருக்கிறேன். வீடு வீடாகப் போய், டிரம்மில், தொட்டியில் புழு இருந்தால் கொட்டிவிட வேண்டும். போன மாதம் தேவி என்ற ஆராய்ச்சிக்கூடப் பெண் வந்து, நம் தெருப் புழுக்களை எடுத்துப் போய்க் கொசுவாக வளர்த்தாள். நேற்று செல்போனில் வீடியோ காட்டினாள். மருந்து தடவிய தாள் சுற்றிய குழாய்க்குள் கொசுக்கள் சில மயங்கி விழுந்தன. மறுநாள் பார்த்தால் பெரும்பாலானவை பறக்கின்றன.

"மருந்து கொறச்சலா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, சரியான அளவுதான். கொசு நரம்புல மருந்து போய் ஒட்டற எடம் ஒண்ணு இருக்கு. அத உண்டாக்கற மரபணுவுல சின்னதா ஒரு மாத்தம். அதனால மருந்து சரியா ஒட்டறதில்ல. அடிக்க அடிக்க மத்ததெல்லாம் செத்துரும், இந்த மாதிரிதான் மிஞ்சிப் பெருகும். இனி மருந்தையே மாத்தணும்."

"அப்ப அன்னிக்கி எங்க வீட்டுக்காரரு தண்ணி கலக்கல?"

அவள் தயங்கினாள். "அன்னிக்கி இருந்த கொசுவ நான் பாக்கலையேக்கா. எப்படிச் சத்தியமா சொல்றது?"

நியாயம்தான். அவளுக்கு ஆதாரம் வேண்டும். இருபத்திரண்டு வருஷம் உங்களோடு வாழ்ந்த எனக்கு எதற்கு வேண்டியிருந்தது?

நேராக ரத்னம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "அப்போ எம்புள்ள சாவுக்கு நான் யாரத் திட்டறது?" என்று கேட்டார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வார்டு கூட்டத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பேன். அதற்கு முன்னால், "எங்க வீட்டுக்காரரு கலக்கல" என்று சொல்வேன். ஆதாரம் கேட்டால், நான் அவர் மனைவி என்பேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உங்களை நம்பப் பிந்திப்போன உங்கள் மனைவி,
மேரி