வேற தொழுவத்து ஆடு

தூத்துக்குடி,
புதன்கிழமை

அன்பு மகன் ஜெனோவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவுல நானும் உன் அண்ணன் பொஞ்சாதி உமாராணியும் இங்கன சுகமா இருக்கோம், அங்கன நீயும் குளிர் தாங்கி நல்லா இருக்கணும்னு செபமாலையில தினமும் உன் பேரைச் சொல்லுதேன். இப்ப எழுதப்போறதை நின்னுகிட்டு வாசிக்காதே, உக்காந்து வாசி. மதுரை ஆஸ்பத்திரியில என் கிட்னி ஒண்ணை எடுத்து உமாவுக்கு வச்சாச்சு, ரெண்டு பேரும் பிழைச்சு வீடும் வந்து சேர்ந்தாச்சு. முன்னாலயே கேட்டிருந்தா நீ வேண்டாம்னு அழுதிருப்பே, அதான் கேக்கல. அதுக்காக எனக்கு வருத்தமும் இல்ல.

கிட்னிக்குப் பேரைப் பதிஞ்சுட்டுக் காத்திருக்கட்டும்னு நீ போன்ல சொன்னே. அப்படிக் காத்திருந்த ரெண்டு பேரை டயாலிசிஸ் வார்டுல நானே பார்த்தேன், பிறகு அவங்க கட்டில்ல வேற ஆள் கிடந்தாங்க. உமா ஊசி போட்ட கையோட பஸ்ஸுல வந்து வாசப்படியிலயே உக்காந்துருவா, உள்ள வர சீவன் இருக்காது. அவ அம்மாவுக்குச் சுகர், ஏரல்ல கடை வச்சிருக்கிற அவ அண்ணன், தங்கச்சி நம்ம வேதக்காரப் பையனைக் கட்டின நாள்லேர்ந்து நம்ம தெருவையே மிதிக்கல. அப்புறம் யாரு இருக்கா? டாக்டர்கிட்ட என் ரத்தத்தைப் பாருங்கன்னு கையை நீட்டினேன், சேர்ந்துச்சு.

நல்லாயன் ஞாயிறு அன்னைக்குத்தான் சண்டை வந்தது. பூசை முடிஞ்சு கோயில் படியில உன் கிளாடிஸ் மாமி என்னை நிறுத்திட்டா. மகனும் போயாச்சு, ஒரு பிள்ளைகூட இல்ல, அவளுக்குப் போயி உடம்பைக் கிழிக்கணுமான்னு ஆரம்பிச்சா. சாமியார் இப்பத்தான் ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுத்ததைச் சொன்னாரே, கேக்கலயான்னேன். "அது அவரோட மந்தைக்கு. இவ நம்ம மந்தையா?"ன்னு கேட்டா பாரு, எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, "வேற தொழுவத்து ஆடும் எனக்கு உண்டுன்னு சொன்னதும் அவர்தான், நீ பாதிப் பிரசங்கத்துல எந்திரிச்சுப் போயிருப்பே"ன்னுட்டு வந்துட்டேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, அவ இன்னும் பேசல, பேசாட்டி போறா.

ரத்த சொந்தம் இல்லைன்னு அதிகாரிங்க வேற என்னை உக்காரவச்சு, யாரும் மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களான்னு துருவித் துருவிக் கேட்டாங்க. மகனே இல்லாதபோது இவ உங்களுக்கு என்ன வேணும்னார் ஒருத்தர். என் மூத்தவன் பெனிஸ்டன் துறைமுகத்துல செத்தப்ப எல்லாரும் காரியம் முடிஞ்சு போனாங்க, இவ ஒருத்திதான் போகலன்னேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குப் போறப்ப பயம் இல்லைன்னு சொன்னா பொய். மயக்கம் தெளிஞ்சதும், உமாவுக்கு ஒண்ணுக்குப் போச்சான்னுதான் முதல்ல கேட்டேன். நர்ஸ் பிள்ளை சிரிச்சுகிட்டே, பை நிறைஞ்சு மாத்தியாச்சும்மான்னா. எனக்கு அல்லேலூயா பாடினமாதிரி இருந்துச்சு. ஆண்டவர் முழு உயிரைக் கொடுத்தார், நான் கொடுத்தது ரெண்டுல ஒண்ணு, அதுக்கே ஊர்ல இத்தனை கூச்சல்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு நிசமான சோதனை. இனியாவது அவளை நம்ம வேதத்துல சேர்த்துக்கோ, ஊர் வாயை அடைச்சுரலாம்னு வாரவங்க எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க, அது உமா காதுலயும் விழுந்திருக்கு. சாயங்காலம் என் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, "அத்தை, நான் ஞானஸ்நானம் வாங்கிக்கிடுதேன்"னா. சத்தியமா என் உள்ளம் குளிர்ந்துச்சு, எத்தனை வருஷம் அதுக்காக வேண்டியிருக்கேன். ஆனா அவ முகத்தைப் பார்த்தா கடன் கட்ட வந்தவ மாதிரி இருந்தா. "ஆண்டவருக்காகவா, எனக்காகவா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டா. "எனக்காகன்னா வேண்டாம்ளா. கொடுத்ததுக்கு நான் கூலி வாங்க மாட்டேன்"னேன். என் மடியில தலைவச்சு ரொம்ப நேரம் அழுதா, நானும்தான். மறுநாள் குளிச்சு, எப்பவும்போல நெத்தியில குங்குமம் வச்சுகிட்டு வந்து எனக்குக் கஞ்சி ஊத்தினா. யாருக்கு நோகுதோ நோகட்டும்.

என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ, எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி நிறையக் குடி, பூசையை விட்டுராதே. சேசு உன்னைத் தம் தோள்ல வச்சுக் காப்பாத்துவார். ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது முதல்ல உமாகிட்டப் பேசு. இத்தனை வருஷமா அவளை நீ "அவங்க"ன்னுதான் சொல்லுதே, ஒருநாளும் அண்ணின்னு கூப்பிட்டதில்ல. இனி கூப்பிடணும். உன்னைப் பெத்தவ உடம்புல பாதி அவளுக்குள்ள இருக்கு, மரியாதையாப் பேசு.

முத்தங்களோடு,
உன் அம்மா
அமலோற்பவம்