பதினொரு படிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம் என்றுதான் முதல் வரியை எழுதினேன். பிறகு அடித்துவிட்டுப் புதுத் தாளில் தொடங்கியிருக்கிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. போனில் நீங்கள் கேட்டால், "எல்லாம் சரியாப் போச்சு" என்பாள். சரியாகவில்லை அப்பா.

நம் வாண்டு காலையில் நடக்கச் சிரமப்படுகிறாள். ஐந்து வயதுக்காரி, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். கேட்டால் சறுக்குமரம் விளையாடுகிறாளாம். பள்ளிக்கு நேரமாகிறதே என்று, "நாடகக்காரி, எழுந்திருடி!" என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். அவள் சோம்பேறி என்றும், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்றும் நீங்கள் போனில் சொன்னபோது, நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அம்மா விடியும் முன்பே பேக்கரிக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். அதனால் காலைப் பொழுதைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். வாண்டு நடிக்கிறாள் என்று நிரூபிக்கத்தான் ஒரு நோட்டு போட்டேன். கண் விழித்ததிலிருந்து பதினொரு படியையும் நின்றபடியே இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் என்று தினமும் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே நாற்பது நிமிடம் ஆனது. பள்ளி இல்லாத நாளில் யார் நடிப்பார்கள்?

மருத்துவமனைக்கு மூன்று முறை போயாயிற்று. மூன்று முறையும் மாலை நான்கு மணிக்கு. அம்மா வேலை முடிந்து வீடு வருவதே மூன்று மணிக்குத்தான். பிள்ளையைக் கவனிக்காத வீடு என்று நினைத்துவிடக் கூடாதென்று, வெந்நீர் ஊற்றி, முழங்காலைத் தேய்த்துவிட்டு, நல்ல கவுன் போட்டுத்தான் அழைத்துப்போவாள். வாண்டு அங்கே நடைவழியெல்லாம் ஓடுவாளாம். வலி எவ்வளவு என்று கேட்க ஆறு முகங்கள் வரைந்த அட்டை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிரிக்கிற முகத்தையே தொட்டாளாம். ஏன் என்று வீட்டில் கேட்டேன். "அழுற மூஞ்சியத் தொட்டா ஊசி போடுவாங்கல்ல?" என்றாள், எனக்கு அறிவே இல்லை என்பதுபோல. பிள்ளைகள் வளரும்போது வருகிற வலிதான் என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

நான்காவது முறை நானும் போனேன். நோட்டை மேசையில் வைத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, கிளம்பும் முன் என்னென்ன செய்வீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. வெந்நீர் வேண்டாம். தூங்கி எழுந்த கோலத்துலயே தூக்கிட்டு வாங்க" என்றார். அம்மா வேலைக்கு விடுப்புச் சொன்னாள்.

மறுநாள் பெஞ்சிலிருந்து கதவு வரை நடக்கச் சொன்னார்கள். நான்கே எட்டுதான் வைத்தாள் அப்பா. கதவுவரை போகவில்லை.

முழங்கால் மூட்டுகளில் வீக்கமாம். தூங்கி எழும்போது இறுகிக் கிடக்குமாம், வெந்நீர் பட்டால் தளர்ந்துவிடுமாம். ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால்தான் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று சொல்வார்களாம். என் நோட்டில் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது. கொஞ்சம் குறைவாக எழுதியிருக்கக் கூடாதா என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். இது வலியே இல்லாமல் கண்ணையும் தொடக்கூடுமாம், அதனால் திங்கட்கிழமை கண் பரிசோதனை. மருந்து இருக்கிறது, ஆனால் வருடக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். நேற்றிலிருந்து அவளிடம் சுவரிலுள்ள நாட்காட்டியை வாசிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "எத்தன தடவதான் படிக்கிறது, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்கிறாள்.

அம்மா நடைவழியில் சுவரைப் பார்த்து நின்று, "நானே வெந்நீர ஊத்தி ஊத்தி மறைச்சிட்டேனே" என்று அழுதாள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் பக்கம் யாருக்காவது சின்ன வயதில் மூட்டு வீங்கியதா என்று டாக்டரம்மா கேட்டார். அதைமட்டும் எழுதுங்கள்.

உங்களுக்கு என்ன சொல்லட்டும் என்று வாண்டிடம் கேட்டேன். "அப்பாவ மத்தியானமா வரச் சொல்லு. அப்பதான் என்னால ஓடி வர முடியும்" என்றாள்.

நீங்கள் காலையிலேயே வாருங்கள் அப்பா. கீழே நின்று கூப்பிட வேண்டாம். படியேறி மேலே வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
மூத்த மகள்